ஊட்டி ஏரிக்கு எட்டு அங்குல பிட்ச் போதும்

படகின் பின்புறம் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினுக்கு புரொப்பல்லர் கேட்டால், சமவெளிக் கடைக்காரர் 9¼ அங்குல விட்டமும் 9¾ அங்குல பிட்ச்சும் உள்ளதை எடுத்து நீட்டுவார். படகு எந்த உயரத்தில் ஓடுகிறது, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். தூத்துக்குடிக்குப் பொருந்துவது, 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டி ஏரிக்குப் பொருந்தாது.

மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 3 சதவீதம் வீதம் இன்ஜினின் திறன் குறைகிறது. இன்ஜின் மூடியில் 9.9 என்று எழுதியிருந்தாலும் இங்கே கிடைப்பது எட்டுக்கும் கீழே. பிட்ச் என்பது, வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம். அது கூடக்கூட இன்ஜினுக்குச் சுமை கூடும்.

அதனால்தான் அதே விட்டத்தில் 8 அங்குல பிட்ச் உள்ள மூன்று இறக்கை அலுமினிய புரொப்பல்லரைக் கொச்சியிலிருந்து வரவழைத்தேன். ஆறு பேரை ஏற்றி, ஸ்பார்க் பிளக் வயரில் டேக்கோமீட்டரைச் சுற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து பார்த்தேன். பழையதில் நிமிடத்துக்கு 4,700 சுற்றைத் தாண்டாத இன்ஜின் 5,100-ஐத் தொட்டது. தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 5,000 முதல் 6,000 வரை. முக்கித் திணறும் சத்தம் போய்விட்டது. படகை ஓட்டும் தம்பி, "அண்ணே, துறையை விட்டு இப்போது சட்டென்று கிளம்புகிறது" என்றான். ஆள் குறைவாக இருக்கும்போது உச்ச வேகம் கொஞ்சம் குறைவுதான். உல்லாசப் படகுக்கு அது குறையே இல்லை. இழந்த திறனை எந்த புரொப்பல்லரும் மீட்டுத் தராது. மிஞ்சியதை முழுதாகப் பயன்படுத்த விடும், அவ்வளவுதான். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் உயரத்துக்கு ஏற்ற சிறிய மெயின் ஜெட்டும் (பெட்ரோல் பாயும் துளையுள்ள திருகு) போட வேண்டும்.

வார்ப்பு சுத்தமாக இருக்கிறது. மூன்று இறக்கைகளின் விளிம்பும் ஒரே கனம். நடுவிலுள்ள ரப்பர் புஷ் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கட்டையில் இறக்கை மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு கியரைக் காப்பது அந்த ரப்பர்தான். எஃகு புரொப்பல்லர் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. இந்தச் சிறிய இன்ஜினுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: எஃகு எளிதில் வளையாமல் அடியைக் கியருக்குக் கடத்தும், அலுமினியம் வளைந்தால் செலவு ஒரு புரொப்பல்லரோடு முடியும்.

கூடவே வந்த காட்டர் பின் (புரொப்பல்லர் நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) மட்டமானது. ஒருமுறை மடக்கியதுமே விரிசல் விட்டது. துருப்பிடிக்காத எஃகுப் பின் தனியாக வாங்கிப் போட்டேன். பெயிண்டும் விளிம்புகளில் சீக்கிரம் உரிகிறது.

எந்த புரொப்பல்லர் போட்டாலும் நம் ஏரிகளில் அடிக்கடி கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ஆகாயத்தாமரை வேரையும் பிளாஸ்டிக் பையையும் எட்டிப் பார்த்தாலே தெரியும். தூண்டில் நைலான் நூல் அப்படியல்ல. புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இறுகச் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே புகுந்து, கியர் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வடியும். நூலை எடுத்துவிட்டு, ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் தடவி, புரொப்பல்லரின் உந்துதலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷரை மறக்காமல் மாட்டுங்கள்.

பைக்காராவில் இரண்டு பேருடன் இலகுவான படகு ஓட்டுபவர்கள் 9 அங்குல பிட்ச்சைப் பார்க்கலாம். குடும்பம் குடும்பமாக ஏற்றுபவர்கள் 8 அங்குலத்தையே வாங்குங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஷாஃப்ட்டின் பற்களை எண்ணிச் சொல்லிவிடுங்கள்.