குரோஷா கிறிஸ்துமஸ் வளையம்: ஆன்லைன் கிட்டும் லாங் பஜார் கடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பாதி படித்துவிட்டு அதே கிட்டை ஆர்டர் போட்டுவிடக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் மாட்டுகிற வளையம் செய்ய ஆன்லைனில் ஒரு குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற வேலை) கிட் 899 ரூபாய்க்கு வாங்கினேன், ஐந்துக்கு இரண்டு மார்க்தான் கொடுப்பேன், அந்த இரண்டும் உள்ளே இருந்த ஊசிக்காக மட்டும். அதே வளையத்தை வேலூர் லாங் பஜாரில் 400 ரூபாய்க்குள் சாமான் வாங்கி மறுபடி செய்தேன், அது இப்போது எங்கள் சத்துவாச்சாரி வீட்டு வாசலில் தொங்குகிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிட்டில் வந்தவை: பச்சை உல்லன் கண்டு இரண்டு, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பத்து அங்குலத் தெர்மாகோல் வளையம், சின்ன ட்யூபில் பசை, ஒரு மணி, ரிப்பன், நான்கு மில்லிமீட்டர் குரோஷா ஊசி, செய்முறைத் தாள். பெட்டியைத் திறந்தபோது கொள்ளை அழகாகத்தான் இருந்தது, நான் மறைக்கவில்லை. நூல் மெத்தென்று இருந்தது, ஊசியின் பிடியில் ரப்பர் இருந்ததால் இரண்டு மணி நேரம் பின்னியும் விரல் வலிக்கவில்லை. பிரச்சினை எல்லாம் வேலை தொடங்கிய பிறகுதான்.

முதலில் அந்தத் தாள். எங்கள் அம்மா குடியாத்தத்தில் பள்ளித் தையல் வகுப்பில் குரோஷா கற்றவர், டிவி மேல் போடுகிற விரிப்பு, மேஜை விரிப்பு எல்லாம் ஆங்கர் நூலில் அவர் கையால் போட்டது இன்னமும் வீட்டில் இருக்கிறது. இலை போடுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டார், நான் வளையத்தைச் சுற்றுகிற பட்டையைப் பின்னினேன். தாளில் டபுள் குரோஷே என்று ஒரு பின்னல் வகையைப் போட்டிருந்த இடத்தில் அம்மா அவர் கற்ற டபுளைப் போட்டார். இலை விரியவே இல்லை, வற்றல் மிளகாய் மாதிரி ஒடுங்கிக்கொண்டு வந்தது. பிரித்துப் பிரித்துப் போட்டு ஒரு சாயங்காலம் போய்விட்டது. அப்புறம்தான் புரிந்தது, அமெரிக்கத் தாளில் சிங்கிள் என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்கிறார்கள், அமெரிக்க டபுள் என்றால் பிரிட்டிஷ் முறையில் டிரெபிள். அம்மா கற்றது பிரிட்டிஷ் முறை. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: தாளில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. இதை ஒரு வரி அச்சடித்திருந்தால் போதும், கிட்காரர்கள் செய்யவில்லை. நம் ஊரில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை இது, அம்மாவுக்கு ஒரு முறையும் யூடியூப் பார்க்கிற பெண்ணுக்கு இன்னொரு முறையும் கைவந்திருக்கும், அதை நினைத்துப் பார்த்து எழுத வேண்டாமா?

இரண்டாவது, நூல் பற்றவில்லை. தாளில் 24 இலை என்று போட்டிருந்தது, பட்டை முடிந்து பதினோராவது இலையில் பச்சை தீர்ந்துவிட்டது. கண்டில் லேபிளே இல்லாததால் எடையும் தெரியவில்லை, லாட் எண்ணும் தெரியவில்லை. உல்லன் வாங்கிப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரே கம்பெனி ஒரே பச்சை என்றாலும் சாயம் போட்ட தொகுதி மாறினால் நிறம் ஒரு பிசகு பிசகும், கண்டாக இருக்கும்போது தெரியாது, பின்னிப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். அதனால்தான் லேபிளில் லாட் எண் போடுகிறார்கள். லேபிள் இல்லாத நூலைத் தந்துவிட்டு அளவும் குறைத்துத் தந்தால் வாங்கியவர் எங்கே போய் அதே நிறத்தைத் தேடுவது.

மூன்றாவது சிவப்பு. சின்னச் சின்னப் பழம் போட்டு, வெள்ளைப் பூவோடு சேர்த்து அலசினேன். தண்ணீர் பீட்ரூட் அலசியது போல் ஆனது, வெள்ளைப் பூ ரோஸ் பூ ஆகிவிட்டது. பச்சையும் வெள்ளையும் அக்ரிலிக், சிவப்பு மட்டும் பருத்தி நூல், சாயம் சரியாக ஏறாதது. மார்கழி வரைக்கும் மழை தூறுகிற ஊரில் கதவில் மாட்டுகிற பொருளுக்கு இது ஆகுமா.

நான்காவதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். கிட்டோடு வந்த பசையைத் தாளில் சொன்னபடி தெர்மாகோலில் தடவினேன், பசை பட்ட இடமெல்லாம் கரைந்து குழி விழுந்தது. ரப்பர் வகைப் பசைகளில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், ஹாட் க்ளூவும் சூடு அதிகமானால் உருக்கிவிடும், தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி. இரண்டு பொருளையும் ஒரே பெட்டியில் போட்டவர்கள் ஒரு தடவையாவது ஒட்டிப் பார்த்திருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன், ஒரு வாரம் கழித்து ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

சரி, இனி கடை. லாங் பஜாரில் இருந்து பிரிகிற ஒரு சந்தில் பழைய தையல் சாமான் கடை, லைனிங் துணி, ஜிப்பு, பட்டன், ஃபால்ஸ், லேஸ், எம்பிராய்டரி நூல் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். கடைக்கார பாயிடம் என் பதினோரு இலையைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நூல் நல்ல நூல்தான், ஆனா இந்தக் கலர் என்கிட்ட இல்ல, இருக்குன்னு சொல்லிக் கொடுத்தா நாளைக்கு நீ வந்து நிப்ப" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு மார்க் போடலாம். பிறகு மூன்று பச்சை எடுத்துப் போட்டு, ட்யூப் லைட்டில் பார்க்காதே என்று மூன்றையும் தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் காட்டினார். உள்ளே ஒன்றுபோல் இருந்த மூன்றும் வெளியே மூன்று நிறம். கரும்பச்சையை எடுத்தேன், வர்த்தமான் உல்லன், ஒரே லாட் எண்ணில் மூன்று கண்டு தேடிக் கொடுத்தார். சிவப்பும் அக்ரிலிக்கிலேயே எடுத்துக்கொண்டேன். கண்டு ஒன்று 70 ரூபாய்.

வளையத்துக்கு எம்பிராய்டரி சட்டம் எடுத்துக்கொள் என்றார், மரத்தில் பத்து அங்குலம் இருந்தது. வாங்கப் போனேன், அம்மாதான் தடுத்தார். "அது மெலிசா கம்பி மாதிரி நிக்கும், பிரிமணை வாங்கிக்கோ." பானை, தவலை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அதுதான். பஜாரிலேயே கயிறு, முறம், கூடை விற்கிற கடையில் தேங்காய் நாரில் சுற்றியது, பெரிய தவலைக்கு வைக்கிற அளவு, 40 ரூபாய். கனம் இல்லை, உடையாது, பசையே வேண்டாம், நாருக்குள் ஊசி இறங்குவதால் இலையை நூலாலேயே தைத்துவிடலாம். என்னைக் கேட்டால் இந்த வேலைக்குப் பிரிமணையை விடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை.

அளவு கேட்பவர்களுக்கு: என் பிரிமணை வெளிவிட்டம் பத்து அங்குலம், தடிமன் ஒன்றரை. தடிமனைச் சுற்றி நூல் பிடித்து அளந்தால் ஏறக்குறைய நாலே முக்கால் அங்குலம் வரும், பட்டையை நாலரை அகலத்துக்குப் போட்டால் இழுத்துத் தைக்கும்போது இறுக்கமாக உட்காரும். நான்கு மில்லி ஊசியில் அந்த அகலத்துக்கு என் கைக்கு 18 கண், அதாவது 18 பின்னல், வந்தது, உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து மாறும், ஒரு சின்னத் துண்டு போட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீளம் 26 அங்குலம், எனக்கு ஏறக்குறைய 120 வரிசை. இங்கே ஒரு விஷயம் முக்கியம். வளையத்தின் வெளிச்சுற்று 31 அங்குலத்துக்கு மேல், உள்சுற்று 22தான், ஒரே பட்டை இரண்டுக்கும் பொருந்த வேண்டும். சாதாரணமாகப் போட்டால் வெளியே விறைக்கும், உள்ளே சுருக்கம் விழும். ஒவ்வொரு கண்ணிலும் பின்னால் இருக்கிற இழையில் மட்டும் ஊசியை விட்டுச் சிங்கிள் போடுங்கள் (அமெரிக்க முறைச் சிங்கிள்), பட்டை ரப்பர் மாதிரி நீளவாக்கில் இழுபடும், தையலை உள்பக்கம் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

இலையைப் பற்றி எழுதாமல் முடியாது, இதற்காகத்தான் இவ்வளவும். பக்கத்து வீட்டுப் பாட்டி பாதி செய்த முதல் வளையத்தைப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போய், "வாசல்ல எதுக்கும்மா மலர் வளையம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பே இல்லை, நம் ஊரில் வளையம் என்றால் அது சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது. நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆலயத்தில் அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) வளையத்தில் நான்கு ஞாயிறும் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றிப் பழகியவர்கள், அதனால் எங்களுக்கு உறுத்தவில்லை. அந்த அட்வென்ட் வளையம்கூட 1839இல் ஹாம்பர்க் நகரத்தில் விஹெர்ன் என்ற போதகர், தம்மிடம் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பண்டிகைக்கு எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி வைத்துத் தொடங்கியது. பச்சை இலை எதற்கு என்றால், குளிர் நாட்டில் பண்டிகைக் காலத்தில் எல்லா மரமும் மொட்டையாக நிற்கும், ஊசியிலை மரமும் ஹாலி என்கிற முள்ளிலைச் செடியும் மட்டும் பச்சையாக இருக்கும், அதனால் அது சாகாத உயிருக்கு அடையாளம்.

அப்படி வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம் நமக்கு எது? மாமரம். வாசலில் கட்டுவதும் மாவிலைதான். கிட்டில் இருந்த ஹாலி இலையை விட்டுவிட்டு மாவிலை போடலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். பத்து செயின் போடுங்கள், இரண்டாவது கண்ணில் தொடங்கி ஒரு சிங்கிள், ஒரு ஹாஃப் டபுள், நான்கு டபுள், ஒரு ஹாஃப் டபுள், ஒரு சிங்கிள், கடைசிக் கண்ணில் மூன்று சிங்கிள், அப்படியே திரும்பி மறுபக்கமும் அதே வரிசை, முடிவில் ஸ்லிப் ஸ்டிச். இரண்டேகால் அங்குலத்தில் நீண்ட இலை வரும். முப்பது இலை போட்டு, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி தைத்தோம். நடுநடுவே சிவப்புப் பழம், குன்றிமணி அளவைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே கிட்டில் வந்த மணி. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன், தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தோரணம் இல்ல? வட்டமா கட்டி இருக்கீங்க" என்றார். அன்று ராத்திரி எனக்கு அவ்வளவு நிம்மதி.

இலைக்கு விறைப்பு வேண்டும் என்று அயர்ன் பாக்ஸை மட்டும் நேராக வைத்துவிடாதீர்கள், அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து துவண்டுவிடும், பழையபடி திரும்பாது. ஈரத் துணியால் நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் போதும். நிஜ மெழுகுவர்த்தியை இதன் நடுவிலோ பக்கத்திலோ வைக்கவே வேண்டாம், அக்ரிலிக்கில் நெருப்புப் பிடித்தால் உருகி எரியும், நாரும் எரியும். வேண்டுமானால் பேட்டரி விளக்கு. தூசி படிந்தால் நாரை நனைக்காமல் உறையைத் தையல் பிரித்துக் கழற்றி, ஷாம்பு போட்ட தண்ணீரில் முக்கி எடுத்து, முறுக்காமல் நிழலில் பரப்பிக் காயவைக்கலாம்.

கடைக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், ஊசியில் எல்லா அளவும் கிடைப்பதில்லை, நான் போன அன்று ஐந்து மில்லி இல்லை, விலைப்பட்டியலும் கிடையாது, கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடையைச் சாத்துவார், இரண்டு மணிக்கு மேல் போங்கள். டிசம்பரில் லாங் பஜாருக்குள் வண்டியைக் கொண்டுபோவது வீண் வேலை, கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போவதே மேல்.

பாட்டி இப்போது பொங்கலுக்கு அவர் வீட்டுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், பழத்துக்குப் பதில் மஞ்சள் பூ வைத்து. நேற்று மஞ்சள் நூலுக்குப் போனேன், ஒரே லாட்டில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று எடுத்து வைக்கிறேன், செவ்வாய்க்கிழமை வா என்று கடைக்கார பாய் சொல்லியிருக்கிறார்.