எடை மெஷினிலிருந்து பிபி மெஷின் வரை: நடுவயதில் எடை குறைத்த நான்கு வருஷ அனுபவம்

நாற்பத்தேழு வயதில் எடை குறைக்கத் தொடங்கியபோது நான் 82 கிலோ. இப்போது 71-க்கும் 72-க்கும் நடுவில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கும் மேலாக அங்கேயே நிற்கிறது. இதற்காக வீட்டுக்குள் வந்த சாமான்கள் ஐந்து: கொழுப்புச் சதவீதம் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின், காலடி எண்ணும் மணிக்கட்டுப் பேண்டு, தையலுக்குப் பயன்படும் அளவு டேப், சில ஜோடி டம்பெல், மேல்கையில் கட்டும் பிபி மெஷின். ஐந்துக்கும் இது நான்காவது வருஷம். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. திரை பளிச்சென்று இருக்கிறது, செயலி சட்டென்று இணைகிறது என்பதோடு அவை நின்றுவிடும். கருவி சொல்வதை நம்பலாமா, ஆரம்ப ஆர்வம் வடிந்த பிறகும் அதைக் கையில் எடுப்போமா என்பது வருஷக்கணக்கில் புழங்கினால்தான் தெரியும்.

இருபத்தைந்து வயதில் எடை குறைப்பதும் ஐம்பதை நெருங்கும்போது குறைப்பதும் ஒன்றல்ல. முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம். இந்த வயதில் பட்டினி கிடந்து எடையை இறக்கினால் கொழுப்போடு தசையும் போய்விடும். எடை திரும்ப ஏறும்போது வருவதில் பெரும்பகுதி கொழுப்புதான். அதனால் ஒவ்வொரு கருவியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: இருக்கிற தசையைக் காப்பாற்ற இது எனக்கு உதவியதா?

"வயசானா மெட்டபாலிசம் படுத்துடும், என்ன பண்ணாலும் இறங்காது" என்று சொல்லாத ஆளில்லை. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் ஹெர்மன் பாண்ட்ஸர் குழுவினர் 6,400-க்கும் அதிகமானோரின் அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் கலோரி ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் வருஷத்துக்கு 0.7 சதவீதம் என்ற அளவில் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு மாறுவது கொழுப்பு சேரும் இடம். இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தது வயிற்றுக்கு வந்துவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. குறைந்துபோனவை தசையும் நடமாட்டமும் தூக்கமும் என்றால், அவற்றை மீட்க வழி இருக்கிறதே.

எடை மெஷினுக்கு வருகிறேன். எடையைக் காட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கெட்டியான சமதளத் தரையில் வைக்க வேண்டும், மிதியடிமேலோ கம்பளத்திலோ வைத்தால் அளவு மாறும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் ஏறுகிறேன். அப்படியும் ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ வரை ஏறி இறங்குவதுண்டு. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரு ராத்திரியில் அவ்வளவு சேரவும் சேராது, கரையவும் கரையாது. ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ மடமடவென்று இறங்குவதும், அடுத்த வாரம் அசையாமல் நிற்பதும் இதனால்தான். நான் ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்து வைக்கிறேன். தினசரி எண்ணுக்கு முகம் வாடுவதும் மலர்வதும் தேவையில்லாத வேலை.

அதே மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை நான் நம்புவதில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, அதற்குக் கிடைக்கும் தடையை அளந்து, நாம் கொடுத்த வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டு அது விடை சொல்கிறது. பாதம் ஈரமாக இருந்தால் ஒரு எண், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வேறு எண். என் மெஷினின் செயலியில் 'விளையாட்டு வீரர்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை மாற்றிவிட்டு அடுத்த நிமிஷமே ஏறிப் பார்த்தேன்; அதே உடம்பு, அதே எடை, கொழுப்பு மட்டும் பல புள்ளிகள் இறங்கிவிட்டது. 'உள்ளுறுப்புக் கொழுப்பு', 'உடல் வயது' என்று அது அடுக்குவதும் இதே கணக்கின் பிள்ளைகள்தான். மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஓரளவு உதவும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மெஷினில் ஏறக்கூடாது. அவர்களுக்கும், பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கும் எடை மட்டும் காட்டும் சாதாரண மெஷினே போதும்.

பேண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலடிக் கணக்கு நம்பும்படி இருக்கிறது, கலோரிக் கணக்கு இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-ல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது. '400 கலோரி எரித்தீர்கள்' என்று திரையில் வந்ததை நம்பி அந்த அளவுக்குச் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். பத்தாயிரம் காலடி என்ற இலக்கும் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து வந்தது. சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், இறப்பு ஆபத்து குறையும் பலன் சுமார் 7,500 காலடி வரை கூடிக்கொண்டே போய் அதன் பிறகு சமனாகிவிட்டது. நான் எட்டாயிரத்தில் நிறுத்திக்கொள்கிறேன். உட்கார்ந்தே வேலை செய்பவளுக்கு, மணிக்கொருமுறை அதிர்ந்து எழுப்பிவிடுவதுதான் இந்தப் பேண்டின் உண்மையான உபகாரம்.

அளவு டேப்புக்குப் பேட்டரியும் கிடையாது, செயலியும் கிடையாது. எனக்குத் தைரியம் கொடுத்ததில் அதற்குத்தான் முதல் இடம். கடைசி விலா எலும்பின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நட்டநடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டுமுடித்த நொடியில் படிக்க வேண்டும். தோலை அழுத்தவும் கூடாது, தொங்கவும் கூடாது. முதல்முறை இரண்டு எலும்புகளையும் விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டேன்; பிறகு கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது நல்லது. என் உயரம் 160 செ.மீ., ஆகவே எல்லை 80. தொடங்கும்போது 97, இன்றைக்கு 84. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது.

இரண்டாவது வருஷத்தில் எடை 75-ல் வந்து மாதக்கணக்கில் நகரவே இல்லை. அந்த நேரத்தில் டேப் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அப்போதுதான் டம்பெல்லைத் தீவிரமாக எடுக்க ஆரம்பித்திருந்தேன். எடை மெஷின் மட்டும் வீட்டில் இருந்திருந்தால், எதுவும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஆம், டம்பெல். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சியை எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம், இந்த இரண்டாம் பாதி காதில் விழுவதே இல்லை, குறிப்பாகப் பெண்களுக்கு. "கை பெருத்துவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். நான்கு வருஷமாகத் தூக்குகிறேன், என் பழைய சட்டைகளின் கை தளர்ந்துதான் போயிருக்கிறது.

முதலில் வெறும் நாற்காலிதான். மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கி, உட்காரும் இடம் பட்டதும் எழுந்துவிட வேண்டும். பொத்தென்று விழக்கூடாது. முட்டி, கால்விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும், உள்பக்கம் மடியக்கூடாது. கையால் முட்டுக்கொடுக்காமல் பத்துமுறை எழ முடிந்த பிறகு 3 கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே செய்தேன். இன்றைக்கு 10 கிலோவில் இருக்கிறேன். இதோடு குனிந்து இழுப்பது, தலைக்குமேல் தூக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது. அரை மணி நேரம், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். கடைசி இரண்டு தடவை தூக்கச் சிரமமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் அடுத்த எடைக்குப் போக வேண்டிய நேரம். முட்டிவலி இருந்தவள் நான். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன; தொடைத்தசை தேறியதும் சேர்ந்து, மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்குகிறேன். வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: ரப்பர் பூச்சு உள்ளதைவிட வெறும் இரும்பே மேல். என்னிடமுள்ள பூச்சு வகை மூன்றாம் வருஷமே பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது.

எந்தக் கருவியும் காட்டாத இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று புரதம். சாதாரணமாக ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்பார்கள். எடை குறைக்கும்போது தசை போகாமல் இருக்க 1.2 கிராமோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. தட்டில் புரதத்தையும் காய்கறியையும் முதலில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் மாவுச்சத்தை வைக்கப் பழகியதுதான் நான் கடைப்பிடித்த ஒரே உணவு விதி.

இன்னொன்று தூக்கம். 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஒரே கலோரிக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஒருமுறை எட்டரை மணி நேரமும் இன்னொருமுறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். இறங்கிய எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் குறைவாகத் தூங்கியபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் மேல் சரிந்து, அந்த இடத்தில் தசை போன்றவை போயிருந்தன. பத்தே பேரை வைத்துச் செய்ததுதான் என்றாலும் அதைப் படித்த பிறகு ராத்திரி பத்தரைக்கு மேல் போனைத் தொடுவதில்லை.

வேகத்தைப் பற்றியும் கவலையோடு சொல்கிறேன். வாரம் அரைக் கிலோ என்பது மந்தமாகத் தெரியும், ஆனால் வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்குபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து கூடுகிறது. அவ்வளவு பெரிய குறைப்பும் தேவையில்லை. 2002-ல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்வதையே இலக்காக வைத்தார்கள். இந்த இலக்கோடு இருந்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1-லிருந்து 5.6-க்கு வந்ததும் முதல் ஆறேழு கிலோ இறங்கிய காலத்தில்தான்.

கடைசியாக பிபி மெஷின். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகம். பட்டையின் அளவு கைக்குப் பொருந்த வேண்டும், சிறியதாக இருந்தால் பிபியைக் கூட்டிக் காட்டும். என் பழைய கைச் சுற்றளவுக்குப் பெரிய பட்டை தேவைப்பட்டது, இப்போது சாதாரணப் பட்டை சரியாக இருக்கிறது. அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். பட்டை இறுகும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள், பேசினாலே பத்து புள்ளி ஏறிவிடும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறை அளந்து இரண்டையும் எழுதுகிறேன். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்குமேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஒருமுறை வந்த எண்ணை வைத்துப் பதற வேண்டாம்.

ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சுமார் ஒரு புள்ளி குறையும் என்பது பல ஆய்வுகளின் சராசரி. பல கிலோ இறங்கும்போது அது சிறிய விஷயமில்லை, மாத்திரை எடுப்பவர்களுக்கு முக்கியமாக. எனக்கு 74 கிலோவை எட்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அளந்தால் 100/62. ஒரு வாரக் குறிப்பேட்டைக் காட்டியதும் டாக்டர் என் பிபி மாத்திரையைப் பாதியாக்கினார். அதன் பிறகு கண் இருட்டுவது நின்றது. இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும், அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்து ஒரு அளவும், எழுந்து நின்று ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு அளவும் எடுத்து, தேதி நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள்.