16 பாட்டு தெரியும், 'ச' பிடிக்கத் தெரியாது

ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம்தான் எனக்கு விஷயமே புரிந்தது. வீட்டுக்கு வந்திருந்த சித்திக்கு மகள் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னணி இசை ட்ராக் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்கும் இடத்தில் ஸ்பீக்கர் அணைந்தது. மகளும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பரவாயில்ல கண்ணு, நீ பாடு" என்றார் சித்தி.

வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். "எங்க ஆரம்பிக்கணும்னு தெரியலம்மா."

'ச' பிடிச்சுக்கிட்டு ஆரம்பி என்றேன். எல்லா ஸ்வரத்துக்கும் ஆதாரமான அந்த முதல் ஸ்வரத்தை ஓரிடத்தில் பிடித்தாள். சித்தி இன்னொரு தடவை கேட்டபோது வேறோர் இடத்தில் பிடித்தாள். பத்து மாதம் கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போன பிள்ளை. 16 பாட்டு வரிசையாகப் பாடுவாள், ட்ராக் இருந்தால்.

பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே சேர்க்கலாம் என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள் எப்படி மாட்டினோம் என்பதைச் சொல்ல முடியும்.

டெமோ வகுப்பு எடுத்தவர் நிஜமாகவே நல்ல பாடகர். அரை மணி நேரம் பிள்ளைகளை மடியில் தாளம் போட வைத்து, சிரிக்க வைத்து, அருமையாக எடுத்தார். மகளுக்கு எட்டு வயது. எனக்கும் ஆசை விடவில்லை. பெரியவர்களுக்கான வகுப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேர், ஓராண்டுக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. கட்டினேன். மூன்றாவது வாரம் அந்தப் பாடகரைக் காணோம். அவருக்குப் பதிலாக வந்த பையன், பாவம், தானே இன்னும் வர்ணம் என்ற பாடல் வகையைக் கற்றுக்கொண்டிருப்பவன். கேட்டால், "சார் கச்சேரி டூர்ல இருக்கார் மேடம்" என்றார் நடத்துபவர். பத்து மாதமும் டூர்தான்.

ச ரி க ம என்று ஏற்றி இறக்கிப் பாடும் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை இரண்டே வாரத்தில் முடிந்தது. அதற்கடுத்த பயிற்சிகளான ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் வரவே இல்லை, நேராகப் பாட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு லேசாக உறுத்தியது, கேட்டேன். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ச ரி க ம போரடிக்கும் மேடம். பாட்டுன்னாதான் ஒட்டும்." தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், மாதம் இரண்டு பாட்டு வீதம் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நம்பித்தான் அவர்கள் வண்டி ஓடுகிறது.

இந்த அடிப்படைப் பயிற்சிகளை மாயாமாளவகௌளை ராகத்தில் முறைப்படுத்தித் தந்தவர் 16ஆம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் என்பார்கள். ஏன் அந்த ராகம் என்று பிறகுதான் விளங்கிற்று. 'ச'விலிருந்து 'ம' வரை உள்ள இடைவெளிகளும், 'ப'விலிருந்து மேல் 'ச' வரை உள்ள இடைவெளிகளும் அச்சாக ஒரே மாதிரி. கீழ்ப் பாதி தொண்டையில் உட்கார்ந்துவிட்டால் மேல் பாதிக்குப் பாதி வேலைதான். அதை மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்), தாளம் தப்பாமல், தம்புராவோடு மாதக்கணக்கில் பாடும்போதுதான் காது 'ச'வை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எங்கள் வகுப்பில் தவிர்த்தது சரியாக அதைத்தான். தவிர்க்காமல் வேறென்ன செய்ய? 45 நிமிட வகுப்பில் 18 பிள்ளைகள். தனித்தனியாகக் கேட்டால் தலைக்கு 2.5 நிமிடம். ட்ராக்கைப் போட்டு எல்லோரையும் சேர்ந்து பாட விட்டால் யார் சுருதி விலகினாலும் வெளியே தெரியாது.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். சுருதி விஷயத்தில் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ட்ராக் இல்லாத நேரங்களில் அந்தப் பையன் தனக்கு வசதியான ஒன்றரைக் கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துவிடுவான். 'ச' எந்த உயரத்தில் என்பதற்கான அளவுதான் கட்டை. ஆண் குரலுக்கு அது சரி. பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைப் பக்கம் பாடுகிறவர்கள். ஒன்றரையில் எங்களுக்கு இரண்டே வழி: கீழே போய் முனகுவது, இல்லையென்றால் ஒரு ஸ்தாயி, அதாவது அடுத்த 'ச' வரையான தூரம், மேலே போய்க் கத்துவது. பிள்ளைகள் கத்தினார்கள். மேல் பஞ்சமம் ('ப') வரும்போதெல்லாம் மகள் முகவாயைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவாள். "பவர் இருக்கு பாப்பாவுக்கு" என்று கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அந்த உயரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 800 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஐந்தரைக் கட்டையில் பாடியிருந்தால் அதே பஞ்சமம் 620 சொச்சத்தோடு நின்றிருக்கும்.

ஏழாவது மாதம் காலையில் எழுந்தால் குரல் கரகரவென்று வந்தது. வகுப்பில் சொன்னேன். "சாதகம் (பாட்டுப் பயிற்சி) பண்ணா அப்படித்தான், குரல் உடைஞ்சு பக்குவமாகும்" என்றார்கள். ஒரு மாதம் அதை நம்பியிருந்தேன். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். மெல்லிய குழாயில் கேமரா விட்டுப் பார்த்து, குரல்நாண்களில் காய்ப்பு விழத் தொடங்கியிருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்த்துப்போகுமே, அதே போலத்தான். நல்லவேளை, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படாதாம். குரலுக்கு ஓய்வு, தண்ணீர், பேச்சுப் பயிற்சியாளரிடம் சில வாரம். கிசுகிசுவென்று பேசுவது ஓய்வில் சேராது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் பாட்டு வாத்தியாரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த 18 பேரில் 13 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். குரல் மாறுகிற வயது. அந்தச் சமயத்தில் ஆண் பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும், நடுவில் அங்கங்கே பிசிறடிக்கும். சுருதியை இறக்கி, மெதுவாகப் பாடவைத்து, கேட்கும் பயிற்சியைக் கூட்டினால் கடந்துவிடலாம். அவனிடம் எல்லோர் முன்னாலும் "உனக்கு சங்கீதம் வராதுப்பா" என்றார்கள். அதோடு அவன் வரவில்லை. அவன் கட்டிய பணம் மட்டும் அங்கேயே இருந்தது.

பெரியவர்களுக்கான வகுப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிள்ளைகள் வகுப்பு முடிந்து மிச்சமான நேரம்தான் எங்களுக்கு. என் சுருதி எது என்று ஒரு நாளும் யாரும் பார்க்கவில்லை. பாதி நாள் ஆன்லைன். சூமில் சுருதிப் பெட்டியின் சத்தத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் அமுக்கிவிடும். அதற்கென்றே 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு அதில் இருக்கிறது, அதைப் பாட்டுச் சொல்லித்தந்த அந்தப் பையனுக்கு நான்தான் காட்டித்தந்தேன். ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவும் முடியாது. அதனால் எங்களை எல்லாம் மியூட்டில் போட்டுவிட்டு அவன் பாடுவான், நாங்கள் அவரவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் பாடுவோம். பிழை திருத்தச் சொன்னால், "உங்க வயசுக்கு இதுவே அதிகம் மேடம்." வயதில் என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கு ராக லட்சணமும் தாளக் கணக்கும் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பிடிபடும். குரல் வளையத்தான் கொஞ்சம் நாளாகும். தினம் இருபது நிமிடம் உட்கார்ந்தால் வரும்.

அப்புறம் சான்றிதழ். மகள் 'கிரேடு 3' முடித்துவிட்டதாகத் தங்க எழுத்தில் ஒன்று கொடுத்தார்கள். தேர்வுக் கட்டணம் தனி. தேர்வு வைத்தவர் யார் என்றால், வகுப்பை நடத்துபவரே. மேற்கத்திய இசையில் 1889இல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் அமைப்பு மாதிரி தேர்வு வாரியங்கள் இருக்கின்றன. அங்கே தேர்வாளர் உங்கள் ஆசிரியர் இல்லை, வெளியாள். ஆறாம் கிரேடு வாசித்துக் காட்ட வேண்டுமென்றால், அதற்குமுன் ஐந்தாம் கிரேடு கோட்பாட்டையோ அதற்கு இணையான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கிரேடு என்ற சொல் மட்டும்தான். இது போதாதென்று, ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து பாடும் 'உலக சாதனை' என்று ஒன்று. அதற்குப் பதிவுக் கட்டணம், உடை, பதக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பணம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது'. யார் கற்றுத்தருவார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று என்னிடம் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒரு வரி இல்லை. வாட்ஸப்பிலாவது கேட்டு வாங்கியிருக்கலாம். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொன்னால் முகம் சுளிக்கிற இடத்தில் இனி நான் செருப்பைக் கழற்றுவதாக இல்லை.

இப்போது மகள் போகும் டீச்சர் முதல் நாள் பாடச் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே, தம்புராவை ஐந்து, ஐந்தரை என்று மாற்றி மாற்றி மீட்டிப் பார்த்தார். ஐந்தில் நிறுத்தினார். நான்கு வாரம் ச-ப-ச மட்டும், வாயைப் பெரிதாகத் திறந்து, கத்தாமல். டெமோ வகுப்பு எதுவும் வைக்கவில்லை. அதற்குப் பதில், நடந்துகொண்டிருந்த வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பெண் ஒரே வரிசையை ஏழு தடவை தப்பாகப் பாடினாள். ஏழு தடவையும் நிறுத்தித் திருத்தினார். பார்க்க எனக்கே அலுப்பாக இருந்தது. உடனே சேர்த்துவிட்டேன்.

பழைய இடத்திலிருந்து வாட்ஸப் செய்தி வருவது நிற்கவில்லை. நேற்று வந்தது: 'விடுமுறைச் சிறப்பு வகுப்பு, 30 நாளில் 30 பாட்டு'. கீழே மகளின் படம் போட்டிருக்கிறார்கள், முகவாயைத் தூக்கிப் பாடுகிற படம். நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.