தரங்கம்பாடிக்கு ஒரு வரவேற்பு மையம்: கோட்டையிலா, மாளிகையிலா, திண்ணை வீட்டிலா, வாயிலுக்கு வெளியிலா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தையோ எண்பதாம் கல்யாணத்தையோ நடத்தி முடித்த குடும்பங்கள், ஏறத்தாழ எட்டு கி.மீ. தொலைவிலுள்ள தரங்கம்பாடிக் கடற்கரையில் சற்று நேரம் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்புவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கின்றன. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற வேன்களும் இதே வழியாக வருவதால், விடுமுறை நாள்களில் இந்தச் சிற்றூருக்குக் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேன்களில் பெரும்பாலானவை 1792இல் மீண்டும் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜ வீதியை ஓரிரு நிமிடங்களில் கடந்து, டேன்ஸ்போர்க் கோட்டைக்கு முன்னுள்ள திடலில் போய் நிற்கின்றன. வந்தவர்கள் கோட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, அலையில் கால் நனைத்து, படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் கட்டி முடிக்கப்பட்டு, 1706இல் இங்கே வந்த ஜெர்மானியப் போதகர் சீகன்பால்குவின் கல்லறையைத் தன்னுள்ளே கொண்டிருக்கும் புது எருசலேம் ஆலயமும் அவர்களுக்கு வண்டிச் சன்னலில் ஓடி மறைந்த வெள்ளைச் சுவர்கள்தாம்.

இந்த ஊருக்கு முறையானதொரு பார்வையாளர் வரவேற்பு மற்றும் தகவல் மையம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இருக்காது. அதை எங்கே அமைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கோட்டைக்குள் ஒரு பகுதி, அதற்கு எதிரேயுள்ள பழைய ஆளுநர் மாளிகை, தெருக்களுக்குள் இருக்கும் பழைய வீடு ஒன்று, நகர வாயிலுக்கு வெளியே நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக எழுப்பப்படும் கட்டடம் என நான்கு இடங்கள் கண்முன் நிற்கின்றன. ஒரு தகவல் மையத்தை அதன் பரப்பளவையோ, சுவரில் தொங்கும் படங்களையோ வைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் கருத்து. அங்கிருந்து வெளியே வருகிறவர் அடுத்து எந்தத் திசையில் கால் எடுத்து வைக்கிறார் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

கோட்டை

முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற இடம் இதுதான். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னரின் தூதராக வந்த ஓவே ஜெடேவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து எழுந்த இந்தக் கோட்டையைப் பார்க்காமல் தரங்கம்பாடியிலிருந்து யாரும் திரும்புவதில்லை. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் இது என்பதால், அருங்காட்சியகம், நுழைவுச்சீட்டு, காவல் என எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் செய்ய வேண்டியது ஒரு மேசையும் சில பலகைகளும் மட்டுமே என்பதால், செலவைக் கணக்கிட்டால் நான்கிலும் மலிவானது இதுவே.

மலிவு என்பதைத் தவிர இதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை. கோட்டை என்பது பயணத்தின் முடிவு. அதைத் தாண்டினால் கடல்தான். ஊரைப் பார்ப்பதற்கான வரைபடத்தை ஊரின் கடைசி முனையில் வைத்துக் கொடுப்பது, பந்தி முடிந்து கை கழுவுகிறவரிடம் இன்று என்னென்ன பதார்த்தம் என்று சொல்வதைப் போன்றது. மேலும், பண்டகசாலையாகவும் சிறையாகவும் படைவீரர் தங்குமிடமாகவும் இருந்த கீழ்த்தள அறைகளில் கழிப்பறைக்குக் குழாய் பதிப்பதும், குளிரூட்டிக்குச் சுவரைத் துளைப்பதும் எந்தத் தொல்லியல் அலுவலரும் மனமுவந்து ஒப்புதல் தரக்கூடிய வேலைகள் அல்ல. தரவும் கூடாது.

ஆளுநர் மாளிகை

திடலின் மறுபுறம் கோட்டையைப் பார்த்தபடி நிற்கும் ஆளுநர் மாளிகைக்கான வாதம் இதைவிட வலுவானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1845 வரை டேனிஷ் ஆளுநர்கள் வாழ்ந்த இந்த மாளிகை, அவர்கள் தங்கள் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன பிறகு பல கைகள் மாறிச் சிதைந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்புடன் அண்மைக் காலத்தில் அது சீரமைக்கப்பட்டது. உயர்ந்த விட்டங்களும் தூண்கள் நிரைத்த முகப்பும் அகன்ற கூடங்களும் கொண்ட அதில், ஒரு பள்ளியின் மாணவர்கள் முழுவதையும் உட்காரவைத்து ஊரின் கதையைச் சொல்ல முடியும். மற்ற மூன்று இடங்களிலும் அது இயலாது.

ஆனாலும் இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, கோட்டைக்குச் சொன்ன அதே திசைக் குறை. மாளிகை திடலை ஒட்டியே இருப்பதால் வேன் அங்கேதான் வந்து நிற்கும். ஊரின் தெரு வெறும் வழியாகவே கடக்கப்படும். இரண்டாவது, கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஏறி வந்த கரை இது. 1306ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்தெடுத்துக்கொண்ட கரையும் இதுவே. பேரலையைக்கூட விட்டுவிடுவோம், நாள்தோறும் வீசும் உப்புக்காற்று ஒன்றே போதும். கடலோரத்து அலுவலகங்களில் மின்விசிறியும் பூட்டும் கீலும் எவ்வளவு விரைவாகத் துருவேறும் என்பதைக் கண்டவர்கள், தொடுதிரைக் கருவிகளையும் ஒளிக்காட்சிப் பெட்டிகளையும் அங்கே நிறுவச் சொல்லும் திட்ட அறிக்கைகளை ஐயத்தோடுதான் படிப்பார்கள். மாளிகை அருங்காட்சியகமாகவும் கண்காட்சிக் கூடமாகவும் இருப்பதே பொருத்தம். வரவேற்பு வேலையை அதன் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகும்.

திண்ணை வீடு

தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களின் ஊராக மட்டும் நினைப்பவர்கள் வாயிலுக்கும் கோட்டைக்கும் இடையிலுள்ள தெருக்களில் நடந்திராதவர்கள். ராஜ வீதியில் ஐரோப்பிய முகப்புகள் வரிசையாக நின்றாலும், அதை விட்டு விலகிப் பொற்கொல்லர் தெருவுக்குள் திரும்பினால் திண்ணையும் மரத்தூணும் முற்றமும் நாட்டு ஓட்டுக் கூரையுமாக அசல் தமிழ் வீடுகள் தொடங்கிவிடும். சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில், பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவின் வீடுகள் சிலவற்றைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை, இயன்றவரை நகர வாயிலுக்கு அருகில் பார்த்து, வரவேற்பு மையமாக்குவதே மூன்றாவது வழி.

இதன் முதன்மையான நன்மை, கட்டடமே காட்சிப்பொருளாகிவிடுவதுதான். திண்ணை என்பது முன்பின் அறியாத வழிப்போக்கர் கேட்காமலே உட்காரலாம் என்பதற்காகக் கட்டப்பட்ட இடம். வரவேற்பு மையம் என்ற ஏற்பாடு நம் வீடுகளில் வாசலிலேயே இருந்திருக்கிறது என்பதை எந்தப் பலகையும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் இன்டாக் தன் அலுவலகத்தைத் தமிழர் பகுதியிலுள்ள மீட்டெடுத்த வீடொன்றில் நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனை அல்ல என்பது தெரியும். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உப்புக்காற்றின் கடுமையும் சற்றுக் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கிருந்து வெளியே வருகிறவர் தெருவில்தான் நிற்பார். நடக்கத் தொடங்க அவருக்கு வேறு தூண்டுதல் தேவையில்லை.

தடைகளும் சிறியவை அல்ல. பழைய வீடுகள் பலவும் பல வாரிசுகளுக்குப் பொதுவானவை. அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறியிருந்தால் எல்லோரையும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடச் செய்வதற்குள் கூரை இறங்கிவிடும். வாங்குவதை விடப் பத்து அல்லது பதினைந்து ஆண்டுக் குத்தகை எளிது என்றாலும், குத்தகை முடிந்ததும் பொதுப்பணத்தில் செப்பனிட்ட வீடு யாருக்கு என்ற கேள்வி தணிக்கையில் எழும். பழுதுபார்ப்பிலும் கவனம் வேண்டும். ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல்லைப் பொடியாக்கும். ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை கேட்பவர் பெரும்பாலும் சிமெண்டுதான் பூசுவார். இத்தனையும் கடந்தாலும், ஐம்பது பேர் இறங்கும் ஒரு பேருந்தின் கூட்டத்தை அந்த முற்றமும், இருக்கிற ஒரே கழிப்பறையும் தாங்கா.

வாயிலுக்கு வெளியே

நான்காவது வழியைப் பொறியாளர்கள் விரும்புவார்கள். வாயிலுக்கு மேற்கே, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் பகுதியில் வாகன நிறுத்தம், கழிப்பறைகள், குடிநீர், நிழல், தகவல் கூடம் ஆகிய அனைத்தையும் ஒரே வளாகத்தில் கட்டலாம். வண்டி அங்கேயே நின்றுவிட்டால், குறுகலான நகர வாயிலில் வேன்கள் உரசிக்கொண்டு நுழையும் அன்றாட அபாயம் தீரும். அங்கிருந்து கோட்டை வரை நிதானமாக நடந்தால் பத்து நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும்; இரண்டு ஆலயங்களும் வழியிலேயே வரும்; அட்மிரல் தெருவில் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட சீகன்பால்கு இல்லத்திற்கும் சிறிது விலகினால் போதும்.

இதற்கு எதிரான வாதங்களில் எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றுவது ஒன்றுதான். முதல் பத்தியில் குறிப்பிட்ட அந்த எண்பதாம் கல்யாணத் தம்பதியரை மே மாத நண்பகலில் ராஜ வீதி முழுவதும் நடக்கச் சொல்ல முடியாது. மின்கல வண்டிகள் நான்கைந்து ஓடினால் இது தீரும். ஓடாத நாள்களில் தீராது. புதுக் கட்டடம் ஊரின் தோற்றத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தை நான் அவ்வளவாகப் பகிர்ந்துகொள்ளவில்லை. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்ட முடிந்ததென்றால், வாயிலுக்கு வெளியே ஓட்டுக்கூரையிட்ட தாழ்வாரம் ஒன்றைக் கட்டுவதும் முடியும். பழையதைப் போலவே நடிக்காத எளிய கட்டடமாக இருந்தால் இன்னும் நல்லது. என் தயக்கம் வேறு. எல்லா வசதியும் ஒரே கூரையின்கீழ் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்துவிட்டால், அதையே ஓர் இளைப்பாறும் நிறுத்தமாகக் கொண்டு, பலகையைப் படித்துத் தேநீர் அருந்திக் காரைக்காலுக்கு வண்டியைத் திருப்புகிறவர்களும் இருப்பார்கள்.

கட்டடமே வேண்டாம், தூணுக்குத் தூண் க்யூஆர் குறியீடு ஒட்டினால் போதும் என்றொரு கருத்தும் உண்டு. துணைக்கு அது நல்லதே. கைப்பேசியில் கழிப்பறை இருக்காது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

எதைத் தேர்வது

கோட்டையையும் மாளிகையையும் நான் விலக்கிவிடுவேன். மீதமுள்ள இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், ஒரு திட்டத்திற்கு ஒரு கட்டடம் என்ற நிதி ஒதுக்கீட்டு வழக்கத்திலிருந்துதான் வருகிறது. வரவேற்பு மையம் என்ற பெயரில் நாம் இரண்டு வேறு வேலைகளைக் கலந்து பேசுகிறோம். வண்டியை நிறுத்தி உடல் தேவைகளைத் தீர்த்துக்கொள்வது ஒன்று. ஊரைப் பற்றி ஒரு மனிதரிடம் கேட்டறிவது மற்றொன்று. முன்னதற்கு நிலப்பரப்பும் தண்ணீரும் வேண்டும். அது வாயிலுக்கு வெளியே இருக்கட்டும். பின்னதற்கு ஒரு திண்ணையும் விவரம் தெரிந்த ஒருவரும் போதும். அது வாயிலுக்கு உள்ளே, தெருவின் முதற்பகுதியில் கிடைக்கிற வீட்டில் இருக்கட்டும். வாயிலைக் காலால் கடந்தால்தான் வரைபடம் கைக்கு வரும் என்று அமைந்துவிட்டால், நடை அங்கேயே தொடங்கிவிடும். முதியவர்களை ஏற்றிச் செல்லும் மின்கல வண்டியும் அந்தத் திண்ணையிலிருந்து புறப்படலாம்.

அந்த விவரம் தெரிந்த ஒருவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்வது நல்லது. துறை சார்ந்த ஊழியரை அமர்த்தினால் இடமாற்றத்தில் போய்விடுவார். தனியார் நிறுவனத்திடம் விட்டால் நினைவுப்பொருள் விற்பனையே மையமாகிவிடும். பேரூராட்சியின் மேற்பார்வையில், உள்ளூர் மகளிர் குழுவிலிருந்து நான்கைந்து பேரைப் பயிற்றுவித்து முறை வைத்து அமர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். மீனவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் கட்டாயம் இருக்க வேண்டும். 1706இல் கரையிறங்கிய இரண்டு போதகர்களின் கதையைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். 2004இல் அந்தக் கரையில் நிகழ்ந்ததை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மையத்தின் வேலை நேரத்தையும் வருகிறவர்களை வைத்தே வகுக்க வேண்டும். கடற்கரைக்கு வருகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகே மிகுதியாக வருகிறார்கள் என்பதால், அலுவலக நேரப்படி மாலை ஐந்தரைக்குப் பூட்டப்படும் மையம் பாதிப் பேருக்குப் பூட்டிய கதவாகவே தெரியும். காலை ஒன்பது முதல் நண்பகல் வரையும், மூன்றரை முதல் ஏழு வரையும் திறந்திருப்பதும், சனி, ஞாயிறுகளில் இடைவேளையின்றி இயங்குவதும், வார விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்வதும் பொருந்தும். வீடு கிடைப்பதற்கும் வாரிசுகள் ஒப்புவதற்கும் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொல்ல முடியாது. வாகன நிறுத்தத்திற்கும் கழிப்பறைக்கும் அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்பதால், பேரூராட்சி அவற்றை முதல் கட்டமாகத் தொடங்கிவிடலாம். அதுவரை வரைபடம் தருகிறவர் வாயிலின் நிழலில் ஒரு மேசை போட்டு உட்காரலாம்.