பெருநகரத்தின் விளிம்பில் நின்று துருவ ஒளி பார்த்தல்: மூன்றரை வருட அனுபவம்

துருவ ஒளி (துருவப் பக்கத்து இரவு வானில் தோன்றும் வண்ண ஒளி) பார்க்க நார்வேயின் ட்ரோம்சோவுக்கோ ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்குக்கோ விமானம் ஏறியாக வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022 செப்டம்பரிலிருந்து ஒரு பெரிய நகரத்தை ஒட்டியே நின்று பார்த்து வருகிறேன். கண்ணுக்கே நன்றாகத் தெரிந்த இரவுகள் பதினொன்று. கேமராவில் மட்டும் பதிந்தவை அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். மேகத்தையும் வெறும் இருட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவுகள் இந்த இரண்டையும் விட அதிகம்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் ஆறு மாதம் நான் வீணாக்கியது அதில்தான். நகரத்துக்குத் தெற்கே ஒரு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பால்வீதி தெரியும் அளவுக்கு இருட்டு. ஆனால் எங்கள் பக்கத்து காந்த அட்சரேகையில் (பூமியின் காந்த அச்சை வைத்துக் கணக்கிடும் அட்சரேகை), சூரியனிலிருந்து வரும் துகள் காற்று பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும் சாதாரணப் புயலின்போது துருவ ஒளி தலைக்கு மேலே வராது. வடக்கே, அடிவானத்தை ஒட்டித்தான் எழும். நான் நின்ற இடத்திலிருந்து வடக்கே பார்த்தால் நகரத்தின் வெளிச்சம் கூடாரம் போட்டதுபோல் நிற்கும். அதற்குள் ஒளி எழுந்து அடங்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஏரியின் தென்கரைக்கு இடத்தை மாற்றினேன். நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, எதிரே தண்ணீர், மரமோ கட்டிடமோ இல்லாத வடக்கு அடிவானம். பழைய மேட்டை விட இங்கே தலைக்கு மேலே வெளிச்சம் அதிகம்தான். இருந்தும் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தது இங்கேதான். எவ்வளவு தூரம் போகிறோம் என்பதை விட எந்தத் திசையில் போகிறோம் என்பதுதான் நகரவாசிக்குப் பெரிய விஷயம்.

காந்த அட்சரேகை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பூமியின் காந்த அச்சு வட அமெரிக்கப் பக்கம் சாய்ந்திருக்கிறது. டொரன்டோவும் இத்தாலியின் ஃப்ளோரன்சும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான். ஆனால் துருவ ஒளிக்கு டொரன்டோ பல டிகிரி வடக்கே இருக்கும் ஊர் மாதிரி. உங்கள் ஊர்க் கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

எச்சரிக்கைச் செயலிகளுக்கு வருகிறேன். மூன்று செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன், அதில் ஒன்று காசு கட்டியது. எல்லாமே கேபி எண்ணை வைத்துத்தான் மணி அடிக்கின்றன. கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் உலகச் சராசரி. காசு கட்டிய செயலி 'கேபி 6' என்று கூப்பிட்டு, நான் ஏரிக்கரையில் இறங்கும்போது ஆட்டம் முடிந்திருந்த இரவுகள் நான்கைந்து உண்டு. அந்தச் சந்தாவை நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் பார்ப்பது பிஇசட். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்கே திரும்பியிருக்கிறதா தெற்கே திரும்பியிருக்கிறதா என்பதைச் சொல்லும் எண் அது. தெற்கே திரும்பினால், அதாவது எண் மைனஸில் போனால், பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றல் உள்ளே இறங்கும். சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்கள் இதை அளக்கின்றன. அமெரிக்காவின் நோவா அமைப்பு அந்த அளவுகளை இலவசமாகவே வெளியிடுகிறது. அங்கே பதிவான காற்று பூமிக்கு வந்து சேரக் காற்றின் வேகத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மைனஸ் 10-க்குக் கீழே அரை மணி நேரம் நிலையாக நின்றால் ஷூவை மாட்டிவிடுவேன். காரில் போய்ச் சேர அந்த நேரம் போதும்.

சரி, கண்ணுக்கு எப்படித் தெரியும்? படங்களில் வரும் பச்சையை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மங்கலான இரவில் அது சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும் விழிச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. மேகமா, ஒளியா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு விஷயம் பார்ப்பேன். மேகம் நட்சத்திரத்தை மறைக்கும், நகர வெளிச்சம் பட்டு அடிப்பக்கம் வெளுத்திருக்கும். துருவ ஒளி என்றால் நட்சத்திரம் அதற்குள்ளேயே தெரியும். பிறகு போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து மூன்று வினாடி எடுத்தால் பச்சை வந்துவிடும்.

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்குப் போட்டிருக்கும் கண்ணாடி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஆக்சிஜன் தரும் பச்சை 557.7 நானோமீட்டரில் ஒரே ஒரு மெல்லிய கோடு. அது ஃபில்டரின் இணையான இரண்டு பக்கங்களுக்கும் நடுவே பிரதிபலித்து, படத்தின் மையத்தில் குளத்தில் கல் எறிந்தது போல வளையம் வளையமாக விழும். என் முதல் நல்ல இரவின் நாற்பது படங்களும் அப்படித்தான் போயின.

2024 மே 10-ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 3664 என்ற எண் கொண்ட சூரியப் புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்து கிளம்பிய வெடிப்புகள் ஒன்றுசேர்ந்து வந்த இரவு. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 புயல், அதாவது புயல் அளவுகோலின் உச்சப் படி. ஏரிக்குப் போகும் வழியிலேயே, தெருவிளக்குகளுக்கு மேலே, ரோஜா நிறத் தூண்கள் நின்றன. காரை ஓரங்கட்டி இறங்கினேன். உச்சி வானத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர்கள் விரிந்து, குடையின் உட்பக்கத்தைப் பார்ப்பது போல் இருந்தது. நுனியில் சிவப்பு, கீழே பச்சை, ஓரங்களில் ஊதா. கேமராவைப் பையிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அருகில் நின்ற ஒரு பெண்மணி, பைஜாமாவோடு இறங்கி வந்தவர், தன் அம்மாவுக்குப் போன் போட்டு "வெளியே போய் மேலே பாரும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருடம் அக்டோபர் 10-லும் நல்ல சிவப்பு கிடைத்தது. ஆனால் மே மாதத்து இரவுக்குப் பக்கத்தில் அதை வைக்க மாட்டேன்.

நிலாவுக்கு முன்பெல்லாம் பயப்படுவேன். இப்போது இல்லை, பாதி நிலா வரை பெரிதாகக் கெடுப்பதில்லை. சாலையில் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டதுதான் அதிகம் கெடுத்தது. சோடியத்தின் ஆரஞ்சு நிறமாலையில் ஒரு குறுகிய இடத்தில் நிற்கும், எல்இடி பச்சைப் பகுதி முழுவதையும் நிரப்புகிறது. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், அதனால் உள் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, முதல் எழுச்சி அடங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆடிவிட்டு ஒரு மணி நேரம் வரை சும்மா இருந்து மறுபடி வரும். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை நான் இடத்தை விட்டு நகர்வதில்லை.

ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒரு முறை சூரியனின் சீற்றம் ஏறி இறங்கும் சூரிய சுழற்சி இப்போது உச்சத்தில் இருப்பதாக நாசாவும் நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சம் தாண்டிய பிறகும் சில வருடங்களுக்குப் பெரிய புயல்கள் வருவதுண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும், பகலும் இரவும் சமமாகும் வாரங்களில், வாய்ப்பு கூடுதல். அந்த வாரங்களில் எந்த மாலையையும் யாருக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ட்ரைபாடும் கம்பளியும் காரின் பின்பக்கத்திலேயே கிடக்கின்றன.