ஈயம் வைத்த டிசிஎம்: மூன்றரை வருடம், 61,000 கிலோமீட்டர்

2021 நவம்பரில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து பிறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மலேசியாவின் பினாங்குப் பாலத்தின் மேல் வழக்கமான ஜாம், நாற்பது நிமிடமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று யாரோ பின்னால் முட்டியதுபோல ஒரு குலுக்கல். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த லாரி பத்தடி தள்ளித்தான் நிற்கிறது. மீட்டரில் 'டி' எழுத்து மினுக்க ஆரம்பித்தது, எஞ்சின் விளக்கும் எரிந்தது. அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் கார் மூன்றாவது கியரை விட்டு நகரவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பவே முனகியது. 80-ஐத் தொட்டால் எஞ்சின் கத்தியது.

இதை லிம்ப் மோட் என்பார்கள். கியர்பாக்ஸை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர்தான் டிசிஎம். கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று அதற்குத் தோன்றினால், கியரை மாற்றும் மின்வால்வுகளான சொலினாய்டுகளுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். கரண்டே இல்லாவிட்டாலும் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு கியர் மட்டும் பிடித்துக்கொள்ளும். வீடு போய்ச் சேரலாம். அன்று அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஆறு கியரும் வெண்ணெய் மாதிரி மாறியது.

என்னுடையது 2012-இல் வந்த 2.0 லிட்டர் செடான், இரண்டாம் கை. அப்போது மீட்டர் 138,000. முதலில் போன வெர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸ் ஹாபிஸ் லா பாஸ், ஓவர்ஹால்" என்றார் ஃபோர்மென்; கியர்பாக்ஸ் தீர்ந்துபோச்சு, முழுசாகப் பிரித்துச் சரிசெய்யணும் என்று அர்த்தம். 6,500 வெள்ளி (ரிங்கிட்). நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். கியர் ஆயிலைத் தொட்டுப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது: நிறம் கறுத்திருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வண்டி நகராமல் வழுக்குவதும் ஒருநாளும் இருந்ததில்லை. கிளட்ச் தட்டுகள் தேய்ந்த பாக்ஸ், காலையில் மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக இருக்கும்?

பிறையிலேயே வாயர்மேன் வேலை, அதாவது கார் மின்வேலை, செய்யும் ஒரு அண்ணனிடம் காரை விட்டேன். ஸ்கேனர் போட்டதும் எஞ்சின் பக்கத்தில் பி0700, யு0101 என்று இரண்டு கோளாறு கோடு (code). முதலாவது, 'கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு, அங்கே போய்க் கேள்' என்று கைகாட்டும் பலகை, அவ்வளவுதான். இரண்டாவது, டிசிஎம்மோடு பேச்சு அறுந்துபோனது என்பதற்கு. டிசிஎம்முக்குள் போய்ப் பார்த்தால் கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுழற்சியை அளக்கும் டர்பைன் வேக சென்சாருக்கான பி0715-உம், ஐந்து சொலினாய்டுகளுக்கு ஐந்து கோளாறு கோடும் வரிசையாக நின்றன.

"அண்ணே, அப்போ சொலினாய்டு எல்லாம் போச்சா?"

"தம்பி, உன் வீட்டுல அஞ்சு பல்பும் ஒரே நேரத்துல அணைஞ்சா, பல்பு வாங்கக் கடைக்குப் போவியா, பியூஸைப் பாப்பியா?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நான் கொடுத்த 150 வெள்ளி தகும். அப்புறம் அவர் அவசரமே படாமல் ஒவ்வொன்றாக அளந்தார். பாட்டரி 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.1. டிசிஎம்மின் எர்த் வயருக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே, ஃபேன், விளக்கு எல்லாம் போட்டபடி 0.08 வோல்ட், 0.1-க்குள் இருந்தால் எர்த் நல்லது. பாட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே 60 ஓம். காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 காட்டவேண்டும், காட்டியது. சொலினாய்டுகளைக் கனெக்டரிலிருந்தே அளந்தார், பாக்ஸைத் திறக்கவில்லை. எல்லாமே ஒழுங்கு. மிச்சமிருந்தது டிசிஎம் பெட்டிதான். ஆனால் அது குளிர்ந்திருக்கும்போது குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே!

மறுநாள் காலை மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவரச் சொன்னார். கார் இரவு முழுக்க நின்றிருந்ததால் கியர்பாக்ஸ் ஜில்லென்று இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரி தட்டுக்குக் கீழே இருக்கும் டிசிஎம்முக்கு மட்டும் சூடு காட்டினார். ஸ்கேனர் திரையில் டர்பைன் வேகம் எழுநூறு சொச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடமோ ஒன்பதாவதோ, அந்த எண் அப்படியே உறைந்து, பிறகு எண்ணே இல்லாத வெறும் சிறுகோடாகிவிட்டது. எஞ்சின் விளக்கு எரிந்தது. ஈரத்துணியைப் பெட்டிமேல் போட்டு, எஞ்சினை அணைத்துக் காத்திருந்தோம். மறுபடி போட்டால் எண்கள் ஓடின. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் அதே கதை. கியர்பாக்ஸ் கடைசிவரை வழக்கமான ஓட்டச் சூட்டுக்கு வரவே இல்லை.

புது டிசிஎம் ஆர்டர் செய்தால் 2,800 வெள்ளி, ஆறு வாரம். நான் ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடையில், 350-க்கு ஒன்று வாங்கினேன், அது என் தப்பு. பார்ட் நம்பரில் கடைசி இரண்டு எழுத்து வேறு. "சமா சமா" என்றார் கடைக்காரர். சமமில்லை. அது 2.4 லிட்டர் எஞ்சினுக்கு எழுதின மென்பொருள். கோளாறு கோடு எதுவும் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டே மாறியது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது அம்மா, "என்னப்பா, வண்டி விக்கல் எடுக்குது" என்றார். ஐந்து வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன், பாதிக் காசுதான் வந்தது.

மச்சான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பழுதான பலகைகளைச் சரிசெய்யும் ரீவொர்க் பிரிவில் இருக்கிறார். பதினாறு வருடமாக நுண்ணோக்கியில் ஈயப்பற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். குடும்பத்துக்குள்ளேயே மருந்தை வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்! 2022 ஜனவரியில் ஒரு ஞாயிறு, அவர் வீட்டு மேசையில் பழைய பெட்டியைத் திறந்தோம். அலுமினிய மூடியைச் சாம்பல்நிற சிலிகான் இறுக்கிப் பிடித்திருந்தது. சூடாக்கிய பிளேடால் மெல்ல அறுத்தார். கனெக்டர் பின்கள் மின்சுற்றுப் பலகையில் இறங்கும் இடத்தைக் காட்டி, "இங்க பாருங்க மாமா" என்றார். லென்ஸில் பார்த்தேன். மூன்று பின்களைச் சுற்றி, பூனைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். ஈயம் பின்னை விட்டுப் பிரிந்திருக்கிறது. இரண்டு பின் கரண்டுக்கு, ஒன்று எர்த்துக்கு. பின், பிளாஸ்டிக் கனெக்டர், பலகை மூன்றும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பத்து வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுவில் இருக்கும் ஈயம்தான் அடி வாங்கியிருக்கிறது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 63/37 கம்பியால் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) புதிதாக வைத்தார். அது 183 டிகிரியில் உருகும். இப்போது பரவலாகப் புழங்கும் ஈயமில்லாத கலவைக்கு 217 தாண்டவேண்டும். பழைய வகை கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் இழுவையைத் தாங்கும் என்பது மச்சானின் கட்சி. ஃப்ளக்ஸைத் துடைத்து, மேல்பூச்சு பூசி, மூடியை ஒட்டினார். எனக்கு ஆன செலவு இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக்.

அதற்கப்புறம் மூன்றரை வருடத்தில் சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். கியர் மாற்றுவது பற்றி டிசிஎம் கற்று வைத்திருந்த பழைய கணக்கை அழித்துவிட்டதால் முதல் இரண்டு நாள் கியர் தடுமாறியது. லேசாக மிதித்து, எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டியதும் பழகிக்கொண்டது. ஆயிலை இரண்டு தடவையாக வடித்து, தயாரிப்பாளர் சொன்ன அதே வகையை ஊற்றினேன். பெட்டியை 2 சென்டிமீட்டர் உயர்த்தி, அடியில் ஒரு அலுமினியத் தகடு கொடுத்தேன். பாயா தெருபோங் மேட்டில் எத்தனையோ முறை ஏறியாகிவிட்டது, பாலத்து ஜாம் நாள்தோறும் உண்டு.

ஒரே ஒருமுறை 'டி' மறுபடி மினுக்கியது, 2023 மார்ச்சில், மழைநாள். நெஞ்சே நின்றுவிட்டது. இந்தத் தடவை பி0562, வோல்ட் குறைவு. ஸ்டார்ட் செய்யும்போது பாட்டரி 9-க்குக் கீழே விழுந்திருக்கிறது. இந்த ஊர் வெயிலில் பாட்டரி இரண்டு வருடம் தாண்டினாலே பெரிசு. மாற்றினேன், தீர்ந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஈயக்கம்பி வாங்க ஓடவேண்டாம். பல கார்களில் இந்தப் பெட்டி கியர்பாக்ஸுக்குள்ளேயே சூடான எண்ணெயில் கிடக்கும். சிலவற்றில் பச்சைப் பலகைக்குப் பதில் செராமிக் தகடும், முடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பிகளும் இருக்கும். அங்கே சாதா சால்டரிங் கம்பியை நீட்டினால் மிச்சமிருக்கும் உயிரும் போகும். அப்படித் திறந்த பெட்டியை மச்சானே ஒருமுறை தொடாமல் மூடிக் கொடுத்திருக்கிறார். ஆயிலில் கருகல் வாடையும் இரும்புத் தூளும் இருந்தால் அது உண்மையாகவே ஓவர்ஹால் கேஸ்தான், டிசிஎம்மைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது மீட்டர் 199,000. காலைக் குளிரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் ஒரு சின்னத் தட்டல் இருக்கிறது. கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பராக இருக்கும் என்கிறார் வாயர்மேன் அண்ணன். அடுத்த ஆயில் மாற்றும்போது சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.