குடிநோய் சிகிச்சை வார்டு: ஒரு தறிக்காரனின் மதிப்பெண்

எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் குடிநோய் சிகிச்சை வார்டைப் பற்றி எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

விசைத்தறி ஓட்டுகிறேன். என்னிடம் வேலை செய்யும் ஒரு தறிக்காரருக்காகத்தான் அங்கே போனது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஆள் மாயம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரகளை, தெருவே வேடிக்கை பார்க்கும். திங்கட்கிழமை அவருடைய தறிகள் நிற்கும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை சொட்டு தொடமாட்டார். துணைக்கு என் சித்தப்பாவையும் கூட்டிப் போனேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர்; பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாக முடிந்து பிணைக்கிற வேலை அவருக்கு. தள்ளாடி ஒருவரும் பார்த்ததில்லை, குரல் உயர்த்தியும் கேட்டதில்லை. "அவரு அளவா சாப்புடறவருங்க" என்று சித்தியே பெருமையாகச் சொல்லும்.

டாக்டர் படுக்கச் சொன்னது சித்தப்பாவை!

படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டபோது பேனா ஆடியதைக் கவனித்திருக்கிறார். இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். காலை பத்து மணி, விரல் நுனியெல்லாம் நடுக்கம். "முதல் வாய் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். டாஸ்மாக் திறப்பதே பன்னிரண்டு மணிக்கு. சித்தப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டுச் சொன்னார்: ராத்திரி வாங்குவதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, தார்க் கூடைக்கு (நூல் சுற்றிய குச்சிகள் வைக்கும் கூடை) அடியில் வைத்துக்கொள்வாராம். விடிந்ததும் அது உள்ளே போனால்தான் கை நிற்கும், முடிச்சு விழும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் அது தவறிவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே வேலை பார்த்த எங்கள் யாருக்கும் இது தெரியாது.

இந்த இடத்துக்கு நான் மதிப்பெண் போடுவதே இதற்காகத்தான். சத்தம் போடுகிறவன் குடிகாரன், அமைதியாக இருக்கிறவன் அளவுக்காரன் என்று ஊர் வைத்திருக்கும் கணக்கை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்கிறார்கள். அதில் மூன்றாவது கேள்வி, ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது. 10 கிராம் சுத்தச் சாராயம் ஓர் அளவு. நம்ம ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் 60 கிராம் வருகிறது. "ஒரு குவார்ட்டர்தானுங்க" என்று சொல்லும்போதே ஆறு ஆகிவிட்டது.

மனநல ஆலோசகர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஜெல்லினெக் என்பவர் 1960-லேயே குடிப்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்து எழுதினாராம். ஆரம்பித்தால் நிறுத்தமுடியாதவர் ஒரு வகை, ஒரு நாள்கூட விட்டிருக்கமுடியாதவர் இன்னொரு வகை. இப்போது டாக்டர்கள் அந்தப் பெயர்களை வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை, அறிகுறிகளை எண்ணித்தான் கடுமையைச் சொல்கிறார்கள். ஆனாலும் தறிக்காரரையும் சித்தப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் அந்தப் பழைய பிரிவு கண்ணுக்குத் தெரிகிறது.

சித்தப்பா மாதிரி ஆட்கள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் யாரென்று தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார்கள். அதற்காகத்தான் வார்டு. தயமின் என்ற வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்குக் குளோர்டயசிபாக்சைடு மாத்திரை. அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரியிலும் நர்ஸ் வந்து நாடி பார்த்தார். தறிக்காரரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். "உடம்பு இன்னும் அதை நம்பி இல்லை, ஆனா குடும்பம் உடையுது, இதுவும் நோய்தான்" என்று சொல்லி, ஈரல் பரிசோதனை முடிந்தபிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன் மாத்திரை கொடுத்தார்கள். கூலியைச் சனிக்கிழமை கையில் கொடுக்காமல் அவர் சம்மதத்தோடு பேங்கில் போடலாமே என்று என்னிடம் கேட்டார்கள். முதலாளியைக் கூப்பிட்டு இதைப் பேசுகிற ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை.

அவருடைய மனைவிக்கு வேறு ஆசை. சுவரில் ஒட்டியிருக்கிறதே, 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று, அந்த மாதிரி மாத்திரை கேட்டார். டாக்டர் ஒரே வார்த்தையில் மறுத்தார். டைசல்ஃபிராம் என்ற அந்த வகை மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு. தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது கடிவாளம், தெரியாமல் சாப்பிடுகிறவருக்கு விஷம்.

முன்பு இதே தறிக்காரரை ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் விட்டிருந்தோம். பணம் நிறைய, டாக்டர் கிடையாது. வந்தவர் எல்லோரையும் ஒரே ஹாலில் போட்டுப் பூட்டுவதுதான் வைத்தியம். சித்தப்பாவை அங்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

இனி குறைகள். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "குடி கேஸா?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். பின்னால் நின்றவர்களில் ஒருவர் அப்படியே நழுவிப்போனதை நானே பார்த்தேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்குத்தான். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். சித்திக்கு எந்த மாத்திரை எப்போது என்று நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆலோசகர் ஒரே ஒருவர் என்பதால் பாதி நாள் காத்திருப்பிலேயே போகும். கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

போகிறவர்கள் ஆதார், பழைய பரிசோதனைச் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. தினமும் குடிக்கிறவர் என்றால், டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் வைத்து நிறுத்தவைக்காதீர்கள். பக்கத்தில் இப்படி இடம் இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசில்லாமல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.